நாவல்பழக் காலம் இல்லை

நேற்றுக் காலை மணி அடித்ததும் வகுப்புக்குள் வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உதடு ஊதா நிறமாக இருந்தது. வருகைப் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிறகுதான் அந்த வாசனை வந்தது, துவர்ப்பும் இனிப்புமாக. ஓடைக்கரை நாவல்மரம் உதிர்க்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆடி பிறந்தால் ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் ஆகிறது. பழம் என்று தெரிந்த பிறகும் என்னால் பாடத்தைத் தொடங்க முடிவதில்லை. ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு, கையை விரிக்கச் சொல்லி, சட்டையில் கறை இருக்கிறதா என்று பார்க்கிறேன். கறை இருந்தால் பழம். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். கறை படாமல் சாமர்த்தியமாகத் தின்ற ஒருத்தியை நேற்று நான் வாயைக் கொப்பளிக்க வைத்து மறுபடியும் பார்த்தேன். நீ இருந்திருந்தால் போலீஸ்காரி வேலைக்குப் போகச் சொல்லியிருப்பாய்.

நாளைக்குப் போளூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ‘கூர்ந்து பார்த்து எழுதுதல்’ என்ற தலைப்பில் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும். மாதிரிக்கு மாணவர் நோட்டு ஒன்று கொண்டுவரும்படி கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நல்ல நோட்டுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஆனாலும் நேற்றுச் சாயங்காலம் கை போனது என் தகரப் பெட்டியின் அடிக்கு. இரண்டரை வருஷமாக யாருக்கும் காட்டாத அந்தப் பச்சை அட்டை நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திறக்க வெகுநேரம் ஆயிற்று.

நாம் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் இந்த மலைக்கு வந்தோம். இருவருக்கும் முதல் வேலை. விடுதியில் சமையலறைக்குப் பின்னால் ஒரே அறை. என் பெட்டி நிறையப் புத்தகம். உன் பெட்டியில் ஒரு ஜெபப்புத்தகமும் உன் அம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கும். செங்கத்துக்குப் பக்கத்தில் உபதேசியாராக இருந்த உன் அப்பாவுக்கு நீதான் மூத்தவள். இரண்டு தங்கைகளின் படிப்பும் உன் வேலையை நம்பி இருந்தது. உயரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் என்னைப் பெரிய டீச்சர் என்றும் உன்னைச் சின்ன டீச்சர் என்றும் முதல் வாரமே முடிவு செய்துவிட்டார்கள். வயதில் நீ எட்டு மாதம் மூத்தவள் என்று சொல்லிப் பார்த்தாய், எடுபடவில்லை.

முதல் அரையாண்டுத் தேர்வில் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடற்கரையைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கடலைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட அந்த வகுப்பில் கிடையாது. பாதிப் பேர் போளூரையே பார்த்ததில்லை. நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதை ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே எழுதியிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாய். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னாடி இது? முப்பத்தோரு புள்ளைங்களும் ஒரே பொட்டலத்துல சுண்டல் வாங்கித் துன்னுச்சா?”

இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் நீயாகவே என் வகுப்புக்கு வந்து, பின்னால் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒரு பாடவேளை முழுவதும் பார்த்தாய். சாயங்காலம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தாய். அதில் என்னைப் பற்றிப் பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி மண் கொண்டுவந்து கூடு கட்டுகிறது. பதினாறு தடவை வந்து போனது. ஒன்பது பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். டீச்சர் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

எல்லாம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கியது. மறுநாள் குளவியைப் பற்றியே எழுதச் சொன்னேன். முப்பத்தொரு பேரும் முப்பத்தொரு விதமாக எழுதினார்கள். அதன் பிறகு ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதற்கு ‘பார்த்த நோட்டு’ என்று பெயர் வைத்தது நீதான். தினமும் மூன்று வரி போதும், ‘அழகாக இருந்தது’ என்று மட்டும் எழுதக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். “பாத்தத மொதல்ல எழுது. நெனச்சத அப்பால எழுதிக்கலாம்” என்பாய்.

அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புக்கு வந்தவள் சின்னப்பாப்பா. வகுப்பில் வாயே திறக்காத பெண். அதுவரை அவள் எழுதியதில் அவளுடையது என்று ஒரு வரி இருந்ததில்லை. பார்த்த நோட்டு கைக்கு வந்த இரண்டாம் வாரம், ஈரத் துணியால் துடைத்த கரும்பலகை ஓரத்தில் முதலில் காய்கிறது, நடுவில் கடைசியாகக் காய்கிறது என்று எழுதியிருந்தாள். நான் படித்துக்காட்டியதும் நீ அதைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் அறிவியல் வேளையில் பிள்ளைகளை ஈரச் சிலேட்டோடு வெளியே அழைத்துப் போனாய். ஒருவன் வெயிலில் நிற்க, ஒருத்தி நிழலில் நிற்க, இன்னொருத்தி விசிறிக்கொண்டே நிற்க, எது முதலில் காயும் என்று அவர்களுக்குள் பெரிய சண்டை. ஈரம் எப்படிக் காய்கிறது என்பதை அதன் பிறகு நான் புத்தகத்தைத் திறந்து நடத்த வேண்டியிருக்கவில்லை. சின்னப்பாப்பா அன்றுதான் முதல் தடவையாகக் கையைத் தூக்கினாள்.

விடுதி ஓடைப் பக்கம், பள்ளி மேட்டில். நடுவில் முக்கால் மைல் ஏற்றம். சாவி என்னிடம் இருந்ததால் நான் முன்னால் போய்விடுவேன். நீ பிள்ளைகளோடு பின்னால் வருவாய். வழியெல்லாம் அவர்களை நிறுத்தி எதையாவது காட்டுவாய் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாமதமாக வந்தாலும் பிள்ளைகள் கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு வருவார்கள், அதனால் நான் கேட்டதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் சின்னப்பாப்பாவின் நோட்டில் இப்படி இருந்தது: ‘சின்ன டீச்சர் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்றார்கள். புளியமரத்தில் நின்று இலையைக் காட்டினார்கள். பாறையில் நின்று எறும்பைக் காட்டினார்கள். கிணற்றில் நின்று ஒன்றும் காட்டவில்லை.’

அதன் கீழே நான் சிவப்பு மையில் எழுதினேன்: ‘நன்று. கிணற்றடியில் நீ என்ன பார்த்தாய்? அதையும் எழுது.’

மறுநாள் அவள் எழுதியிருந்தாள்: ‘கிணற்றடியில் சின்ன டீச்சரைப் பார்த்தேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. இப்போது நாவல்பழக் காலம் இல்லை.’

நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘உவமை நன்று.’

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அந்த இரண்டு வார்த்தையும் மை மங்காமல் அப்படியே இருந்தன. இரண்டு நாள் நான் அந்த வரியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை புத்தகம் படித்த எனக்கு அது ஒரு நல்ல வரியாக மட்டும்தான் தெரிந்தது. மூன்றாம் நாள், பள்ளி விட்டு வந்ததும், பெருமையோடு நோட்டை உன்னிடமே நீட்டினேன்.

நீ இரண்டு தடவை படித்தாய். சிரிக்கவில்லை.

“இத யார் யாரு பாத்தாங்க?”

நான் மட்டும் என்றேன்.

“அடுத்த மாசம் ஆய்வுக்கு வர்றாங்க. இந்த நோட்டு அந்த அடுக்குல இருக்க வேணாம்டி.”

அப்போதுதான் நான் நிமிர்ந்து உன் உதட்டைப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் ஒரே அறையில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததையும், நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று அப்போதே டாக்டர் சொன்னதையும் நீ துணி மடித்துக்கொண்டே சொன்னாய். அது பாட்டுக்குக் கிடந்ததாம், இந்த மலை ஏற்றத்தில் எழுந்துகொண்டதாம். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது. உடம்புக்கு முடியாதவள் என்று மேலே தெரிந்தால் வேலை நிலைக்காது என்று பயந்தாய். அது உண்மையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அன்று நாம் இருவரும் நம்பினோம். கோடை விடுமுறை விட்டதும் வேலூருக்குப் போய்க் காட்டுவதாகச் சொன்னாய். நான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது. சரி என்று சொன்னேன். அந்தப் பச்சை அட்டை நோட்டு என் பெட்டிக்குள் போனது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி முப்பது நோட்டுகளைப் பார்த்துவிட்டு, மலைப்பிள்ளைகள் எழுதியதுதானா என்று கேட்டார். பிள்ளைகள் சொந்தமாகப் பார்த்து எழுதியது என்று நீ நிமிர்ந்து நின்று சொன்னாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் பார்த்துவிடுவாரோ என்று. அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் சின்னப்பாப்பா அறை வாசலில் வந்து நின்றாள்.

“என் நோட்டு மட்டும் அடுக்குல இல்ல டீச்சர். தப்பா எழுதிட்டேனா?”

தொலைந்துபோய்விட்டது என்று சொல்லி அவளுக்குப் புது நோட்டு கொடுத்தேன். மறுநாள் அதில், மரங்கள் நமக்கு நிழல் தரும், காய் கனிகள் தரும் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முடியும்வரை அப்படித்தான் எழுதினாள். மீண்டும் சுண்டல்.

பங்குனியில் உன்னைத் தினமும் கேட்டேன். இந்த ஞாயிறு போய்விட்டு வரலாம், நான் கூட வருகிறேன் என்றேன். “லீவு வுடட்டும்டி, தொணதொணக்காத” என்றாய். நீ நிற்கும்போதெல்லாம் எண்ணத் தொடங்கினேன். ஏற்றத்தில் மூன்று இடம் ஐந்து ஆனது. சாவியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு உன்னோடு நடந்தேன். அப்போதும் நீ ஒவ்வொரு இடத்திலும் எதையாவது காட்டிக்கொண்டுதான் இருந்தாய். பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாய். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில், உன்னை அடக்கம் செய்துவிட்டதாக உன் அப்பாவின் அஞ்சலட்டை வந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் அழைத்து வந்திருக்கலாம் என்று வேலூரில் டாக்டர் சொன்னாராம். அவர் குறையாக எழுதவில்லை, அப்படி எழுதுகிறவர் இல்லை. நீ தகுதிகாண் பருவத்தை முடித்ததாக உத்தரவு ஜூலையில் பள்ளிக்கு வந்தது. உன் பெயரைப் படித்ததும் தலைமையாசிரியர் தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார்.

இந்த இரண்டு வருஷமாக ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இலையையும் எறும்பையும் நீ காட்டியது மூச்சு வாங்குவதற்கு ஒரு சாக்குத்தானா? அப்படியானால் நாளைக்கு நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன்? நேற்று நோட்டைப் படித்தபோது ஒன்று தோன்றியது. நிற்க வேண்டிய இடத்தில் நீ சும்மா நின்றிருக்கலாம். பிள்ளைகள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நின்ற நேரத்தை நீ அவர்களுக்குக் கொடுத்தாய். கொடுக்க முடியாமல் போன ஓர் இடத்தை ஒரு சிறுமி கண்டுபிடித்து எழுதினாள். அப்படிப் பார்க்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நீதான். நான் அதற்கு மதிப்பெண் போட்டேன்.

‘உவமை நன்று’ என்பதை அடித்துவிட்டு, கீழே பென்சிலால் எழுதினேன்: ‘நீ பார்த்தது சரி. நான்தான் பார்க்கவில்லை.’ இப்போதெல்லாம் முதல் தடவை படிக்கும்போது நான் சிவப்புப் பேனாவைக் கையில் எடுப்பதில்லை.

சின்னப்பாப்பா இப்போது எட்டாம் வகுப்பு. தோளுக்கு வளர்ந்துவிட்டாள். இன்று காலை விடுதி வாசலில் நோட்டை அவளிடம் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள். திறக்கவில்லை.

“தொலஞ்சிபோச்சின்னீங்களே டீச்சர்.”

“பொய் சொன்னேன்.”

“தெரியும். அப்பவே ஒங்க பொட்டியில பச்ச அட்ட தெரிஞ்சிச்சி.”

அவள் அதைத் தெரிந்துகொண்டேதான் மரம் நிழல் தரும் என்று எழுதியிருக்கிறாள். அவள் பக்கத்தைத் தேடிப் படித்தாள். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். நாளைக்குப் போளூரில் இதைப் படிக்கட்டுமா என்று கேட்டேன்.

“சின்ன டீச்சர் பேரச் சொல்லாத படிங்க” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

சொல்ல மாட்டேன். இந்த மடலிலும் எழுதவில்லை, பார்.

பிறகு இருவரும் ஏற்றத்தில் நடந்தோம். புளியமரத்தடியில் நான் நின்றேன். உன் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒரு கொத்தை வளைத்து, புதுத்துளிர் சிவப்பாக இருப்பதைக் காட்டினேன். அவள் துளிரைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தாள். பிறகு என் கை நகங்களை, பிறகு மறுபடியும் உதட்டை.

அவள் பார்த்து முடிக்கிறவரை வெளிச்சத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.