முப்பதுக்கு இருபத்து மூன்று

இன்று காலை ஓட்டலில் வடை மடித்துக் கொடுத்த காகிதம், ஏதோ பரீட்சையின் ஆங்கிலக் கேள்வித்தாள். எண்ணெய் ஊறிய ஒரு பத்தி, அதன் கீழே ஐந்து கேள்விகள். வடை ஆறிப்போனது. முதலில் கேள்விகளைப் படித்தேன், பிறகுதான் பத்தியை. அப்படிப் படிக்கப் பழக்கியவள் நீ. நீ போய் மூன்று வருடமாகிறது.

கல்யாணமான புதிதில் நான் தொழிற்சாலை ஸ்டோரில் அட்டெண்டர். குமாஸ்தா ஆக இலாகா தேர்வில் தேற வேண்டும். கணக்குக்கு நான் பயந்ததில்லை. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் எழுதும் பகுதிதான் இரண்டு தடவை என்னைக் கவிழ்த்தது. இரண்டாவது தடவை முப்பதுக்கு எட்டு. கேள்வித்தாளை வீட்டு மூலையில் எறிந்தேன். நீ எடுத்துப் படித்தாய். தங்கவயலில் நாலாவது பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள் நீ என்பது அதுவரை எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

வியாபாரி ஏன் பாதி வழியில் திரும்பினான் என்பது கேள்வி. "இதுக்கு இன்னா எழுதினீங்க?" என்று கேட்டாய். மழை வந்ததால் என்றேன்.

"மழைன்னு இதுல எங்கங்க இருக்குது? வானம் கறுத்துதுன்னுதான் போட்டிருக்கு. மழைய நீங்களே பெய்ய வெச்சிட்டீங்க. கடுதாசிய மறந்துட்டான், அதான் திரும்பினான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ சொன்னதுதான் சரி.

அதன்பின் ஆறு மாதம், ஞாயிறுதோறும், நீலசந்திராவில் நம் ஒற்றை அறையில் நீ அரிசி பொறுக்கிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். தெரியாத வார்த்தை வந்தால் அங்கேயே நின்றுவிடக் கூடாது, வரியை முடித்துவிட்டு யோசிக்க வேண்டும். பதில் இருக்கும் வரிக்குக் கீழே கோடு போட வேண்டும். "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதாதீங்க, அதுல இருக்கறத எழுதுங்க" என்பாய். மூன்றாம் தடவை முப்பதுக்கு இருபத்து மூன்று வாங்கினேன். குமாஸ்தா ஆனேன்.

நானே படித்துத் தேறியதாகத்தான் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டேன். எப்படியோ விஷயம் வெளியே வந்துவிட்டது. "ஏனப்பா, வீட்டு மேஷ்ட்ரு இன்னிக்கு இன்னா பாடம் வெச்சாங்க?" என்றார் ஸ்டோர்கீப்பர். கன்னடத்தில் வாத்தியாருக்கு மேஷ்ட்ரு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்பில்லை என்று உன்னைத் திட்டினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அந்த வருடம்தான் நீ கேட்டாய்: "நானும் பிரைவேட்டா எஸ்.எஸ்.எல்.சி. எழுதட்டுங்களா?" நான் சரி என்றேன். நீயே போய் விண்ணப்பம் வாங்கி வந்தாய், அழகான கையெழுத்தில் நிரப்பினாய். அதைச் சேர்க்க வேண்டிய ஆபீஸ் நான் வேலைக்குப் போகிற வழியில் இருந்ததால் என்னிடம் கொடுத்தாய். நான் அதைத் தொழிற்சாலையில் என் அலமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்து, "கடைசி தேதி முடிஞ்சிடுச்சாம்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாய். அடுத்த வருடம் மாலா வயிற்றில் இருந்தாள். நீ மறுபடி கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சொன்னாய்:

"அந்த ஃபாரத்துல கடைசி தேதி போட்டிருந்துச்சுங்க. முடிஞ்சிடுச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கு, இன்னும் எட்டு நாள் இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க."

உன் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. மறுநாள் ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை.

மாலா இப்போது எட்டாவது படிக்கிறாள். பாடத்தில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருகிறாள். போன வாரம் கேட்டாள்: "அம்மா நல்லா படிப்பாங்களாமே, ஏம்பா பாதியிலயே நிறுத்திட்டாங்க?"

கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். அவள் நம்பிவிட்டாள்.