இருபத்து மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு முடிச்சு

செயின்ட் ஜான்ஸ்
11 ஆகஸ்ட் 1997

தம்பி செல்பிக்கு,

நலம் விசாரிக்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை உன் படகு 'லேடி ஆல்மா' இரண்டு வருடமாக மூழ்கிக் கிடக்கும் இடத்தில் ஸ்கூபா உடையில் இறங்கினேன். இருபத்து மூன்று மீட்டர். ஆகஸ்டிலும் அடித்தண்ணீர் இரண்டு டிகிரி. காற்றுக் குழாயின் முனையைக் கடித்திருக்கிறேனா என்பதே உதட்டுக்குத் தெரியவில்லை. படகு வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. உயிர்காப்பு மிதவையின் பெட்டி கூரைமேல் அப்படியே இருக்கிறது. நான் என் கையால் பொருத்திய பூட்டு, தண்ணீரின் அழுத்தம் பட்டதும் திறந்து, பெட்டியை விடுவித்திருக்கிறது. ஆனால் அதற்கு மேல் ஒரு நீலக் கயிறு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கப்பட்டிருக்கிறது. மிதவை எப்படி மேலே வரும்?

விசாரணையில் "மிதவையை அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு" என்றாய். நம் தங்கை கிளாடிஸிடமும் அதையே சொன்னாய். நீ மீன் போடும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாய். அவள் கணவன் லூ நாற்பது நிமிடம் அந்தத் தண்ணீரில் கிடந்து செத்தான்.

மாத முடிவுக்குள் அவளிடம் உண்மையைச் சொல். தவறினால் நான் சொல்வேன். தொலைபேசியில் அழைக்காதே, பேசியதை நீ பிறகு மாற்றிக்கொள்வாய். எழுது.

ஹெட்லி

•

ஸ்கல்பின் கோவ்
20 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணே,

லெட்டரா அது, கோர்ட் சம்மனா? தபாலாபீஸ் ஜன்னல்ல தங்கச்சிதான் எடுத்துக் குடுத்தா. "பெரியண்ணன் உனக்கு எழுதறாரா! உலகம் அழியப் போகுதா என்ன?"ன்னு சிரிச்சா. ரெண்டு வருஷத்துல அவ சிரிச்சு இப்பதான் பாக்கிறேன்.

கயிறு கட்டினது நிஜம். கட்டாம விட்டா அந்தப் பெட்டி காத்துல கடகடன்னு தட்டிக்கிட்டே இருக்கும். நம்ம துறையில வந்து பாரு, பத்துப் படகுல ஒம்போதுல கட்டித்தான் வெச்சிருக்காங்க. உன் பாடப்புத்தகம் நனையாதுண்ணே. நாங்க நனைவோம்.

மிச்சத்தை எழுத மாட்டேன். இங்கேர்ந்து போற ஒவ்வொரு உறையும் தங்கச்சி கைபட்டுத்தான் போகுது. ஒரு தடவை நேர்ல வா. சதுப்புல பேக்ஆப்பிள் பழம் பழுத்திருக்கு, என் பொண்டாட்டி மேவிஸ் உனக்குன்னு ரெண்டு பாட்டில் ஜாம் எடுத்து வெச்சிருக்கா. வந்து கேளு, அப்புறம் அடிக்கணும்னாலும் அடி. அதுவரைக்கும் அந்தக் கயித்தைத் தொடாதே.

உன் தம்பி,
செல்பி

•

செயின்ட் ஜான்ஸ்
2 செப்டம்பர்

செல்பி,

ஜாம் வேண்டாம்.

எல்லோரும் கட்டுகிறார்கள் என்பது விளக்கமல்ல. குற்றத்தை ஊருக்கே பங்கு போடும் தந்திரம். இருபத்தாறு ஆண்டுகளாக, கடல் பாதுகாப்பு வகுப்பின் முதல் நாளில் நான் கரும்பலகையில் எழுதுவது ஒன்றுதான்: மிதவையைக் கட்டாதே. நேரில் வா என்கிறாய். வந்தால் நீ அழுவாய், மேவிஸ் தேநீர் கொண்டுவருவாள், பேச்சு முடிந்துவிடும். நம் குடும்பத்தில் எந்த உண்மை தேநீரைத் தாண்டியிருக்கிறது?

நேற்று மறுபடியும் இறங்கினேன். முடிச்சை அவிழ்க்க விரல் வளையவில்லை, கத்தியால் அறுத்தேன். பெட்டி என் கையை உதறிவிட்டு மேலே பாய்ந்தது. நான் மேலே வந்தபோது மிதவை விரிந்து, ஆரஞ்சு நிறக் கூடாரமாக அலையில் ஆடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் உட்காரலாம். ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடம் தாமதம், அவ்வளவுதான்.

கயிற்றைக் கிளாடிஸுக்குப் பார்சலில் அனுப்பிவிட்டேன். லூவைக் கொன்றது இது, மறைத்தவன் செல்பி என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

ஹெட்லி

•

9 செப்டம்பர்

அண்ணே,

இதைப் பக்கத்து ஊர்ல போய்ப் போடறேன்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்துச்சு. நானும் ஜனங்களும் வரிசையில நிக்கறப்பவே தங்கச்சி அதைக் கவுண்டர்ல பிரிச்சா. உன் வரியைப் படிச்சா. கயித்தைக் கையில எடுத்து, முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

அவ வீட்டுல துணி காயப்போடற கொடிக்கயிறுண்ணே அது. பெட்டி தட்டித் தட்டிப் படகுல தூக்கமே இல்லைன்னு லூ மச்சான் புலம்பினப்ப, "இதை வெச்சுக் கட்டித் தொலைங்க"ன்னு அவதான் பாதியை வெட்டிக் குடுத்தா. மச்சான் கட்டினான். நான் பார்த்துக்கிட்டு நின்னேன். அது என் தப்பு, எங்க வேணா கையெழுத்துப் போடறேன். இதை அவ யோசிச்சுப் பார்த்திடக் கூடாதுன்னுதான் அலை மேல பழியைப் போட்டேன்.

வரிசையில நின்ன எல்லாருக்கும் ஸ்டாம்பு குடுத்து முடிச்சிட்டுத்தான் கதவைச் சாத்தினா. அழலை. என்னைத் திட்டலை. "பார்சல் கிடைச்சுதுன்னு பெரியண்ணனுக்கு எழுதிடு. அவருக்கு எல்லாம் எழுத்துல வேணும்"னா.

கிடைச்சுது.

செல்பி