மூன்று நிமிட மேளம்

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை, ஃபேனுக்குக் கீழே கிடக்கிறது. நாளையிலிருந்து காலை ஷிஃப்ட். ஐந்தேகாலுக்கு கம்பெனி பஸ்.

வாட்ஸ்அப் பாட்டு குரூப்பில் இன்று என் முறை. நாங்கள் மொத்தம் நாலு பேர்தான். ஹங்கேரியில் இலோனா, பிரேசிலில் ரஃபாயேல், மாலியில் மூசா, ஸ்ரீபெரும்புதூரில் நான். வாரத்துக்கு ஒரு இசை. என்ன, எங்கே, எதற்கு என்பதை அனுப்பியவர் அடுத்த ஞாயிறுதான் சொல்ல வேண்டும். அதுவரை வெறும் காதால் கேட்பது. சட்டம் போட்டவள் இலோனா. ரோமா என்கிற நாடோடி இனத்துப் பெண், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலை. போன மாதம் அவள் அனுப்பியதில் வாத்தியமே இல்லை. பால் கேனில் தாளம், இரண்டு ஸ்பூன், பேஸ் கிடார் மாதிரி வாயாலேயே ஒருவர் அடிக்குரல். லைனில் என் பக்கத்தில் நிற்கும் லதாவுக்குப் போட்டுக் காட்டினேன். மறுநாள் கேன்டீன் தண்ணீர் கேனைத் தட்டி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நான் அனுப்பியது அப்பாவின் சாவு மேளம். மூன்று நிமிடம். இரண்டு வருடமாக போனில் இருக்கிறது. எங்கள் தெருவுடையது என்று சொல்ல என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அம்மாவுக்குத் தெரியாது. மேளச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மூசா: கால் நிற்க மாட்டேன் என்கிறது. ரஃபாயேல்: இன்னொன்று இருக்கிறதா? (இல்லை சாமி, வேண்டவும் வேண்டாம்.) இலோனா ஏழு தரம் கேட்டாளாம். கடைசியில் சத்தம் தள்ளித் தள்ளிப் போவது பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது போல இருக்கிறதாம்.

அன்று தெருமுனையோடு பொம்பளைகளை நிறுத்திவிட்டார்கள். நான் போனைப் பிடித்தபடி நின்றேன், மேளம் போய்விட்டது. அவ்வளவுதான் அது. சொல்லிவிட கை போனது. சட்டம் சட்டம்தான்.

சோப்பு வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில், அப்பாடா.

எல்லாவற்றையும் டைப் பண்ணி அனுப்பப் போகும் நேரம், இலோனாவிடமிருந்து வீடியோ. நேற்று அவள் தம்பிக்குக் கல்யாணம். வாரம் முழுக்கப் பழகி, பால் கேன்களில் எங்கள் மேளத்தை அடிக்கிறார்கள்! நடுவில் வெள்ளை கவுனோடு பெண் ஆடுகிறாள். "உனக்காகத்தான். இனி எங்கள் வீட்டுக்கு இதுதான் கல்யாண மேளம்."

டைப் பண்ணியதை அழித்தேன். நம்மூரில் கல்யாண வீட்டில் சாவு மேளம் அடித்தால் என்ன ஆகியிருக்கும்.

லதாவுக்கு போன் போட்டேன்.

"வாய மூடிக்கினு இரு. புதுப் பொண்ணு தலையில இத்த இன்னாத்துக்கு ஏத்தற? திருவிழா மேளம்னு சொல்லிடு."

நியாயம்தான். ஆனால் இலோனாவிடம் பொய் சொன்னால் இந்தக் குரூப் எனக்கு எதற்கு? அதோடு, அது அப்பாவுக்கு அடித்ததே இல்லை என்று ஆக்க வேண்டி வரும். 'இன்று வேலை, நாளை சொல்கிறேன்' என்று மட்டும் அனுப்பினேன். அதுவே பொய்.

நவம்பர் 10, திங்கள்

டீ பிரேக்கில் இலோனாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன், அது அப்பாவின் சாவு மேளம் என்று. ஊரில் எந்தச் சாவு என்றாலும், பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும், முன்னால் துண்டைச் சுழற்றி ஆடிப் போகிறவர் அப்பா. அவருடையதில் மட்டும் அவர் ஆடவில்லை. மன்னித்துக்கொள் என்றும் எழுதினேன். படித்துவிட்டாள். பதில் இல்லை.

நவம்பர் 12, புதன்

பதில் இல்லை. குரூப்பிலும் அவள் எதுவும் போடவில்லை. இன்று என் கையில் இரண்டு பீஸ் ரிஜெக்ட்.

"இன்னாமா, தூக்கமா?" என்றார் சூப்பர்வைசர்.

"சொன்னேன்ல?" என்றாள் லதா. சொல்லிவிட்டுத் தன் முட்டையை என் தட்டில் வைத்தாள். கழுதை.

இலோனா போய்விட்டால் தாங்காது. பார்த்ததே இல்லை, இருந்தும்.

நவம்பர் 13, வியாழன்

திரும்பும் பஸ். இருங்காட்டுக்கோட்டை சிக்னலில் இலோனாவின் வாய்ஸ் மெசேஜ். வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் பேசினார்களாம். அவள் அம்மா முதலில் பயந்துதான் போனாராம். அவர்கள் சனத்திலும் செத்தவருக்குப் பிடித்த பாட்டைக் கல்லறை வரை வாசித்துக்கொண்டு போவார்களாம். கடைசியில் அந்த அம்மா சொன்னது: "ஆடத் தெரிந்த மனுஷர் கல்யாணத்துக்கு வந்து ஆடியிருக்கிறார். பேர் தெரியாமல் நாம்தான் வரவேற்காமல் விட்டோம்." ஞாயிறன்று அவர் பங்காகத் தரையில் கொஞ்சம் ஒயின் ஊற்றிவிட்டு மறுபடி அடிப்பார்களாம். பேர் வேண்டுமாம்.

பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். லதா என்னை ஜன்னல் பக்கம் தள்ளி மறைத்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, வீடியோவைப் போட்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். இரண்டு தரம் பார்த்தாள். ஜன்னல் திறந்தே இருந்தது.

"பேரு கேட்டாங்களா?"

"ஆமாம்மா. கோவிந்தன்னு அனுப்பப் போறேன்."

"வெறும் கோவிந்தன்னா எவனையோ கூப்புடறாங்கன்னு இருந்துடுவாரு. டான்ஸு கோவிந்தன்னு போடு. அப்பதான் திரும்பிப் பாப்பாரு."