பந்தில்லாத பயிற்சி

1998 ஆவணி 14, வெள்ளி

கோபம் ஆறேல்லை. படுத்தும் நித்திரை வரேல்லை, எழும்பி எழுதிறன்.

பொம்பிளைப் பிள்ளையள் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில இருக்கிறது ஒரேயொரு வலைப்பந்து. பெடியளின்ர உதைபந்து கிழிஞ்சாப் பிறகு, எங்களுக்கு விளையாட்டுப் பழக்கிற வாத்தியார், சேர், எங்கட வலைப்பந்தைத் தூக்கி அவங்களிட்டக் குடுத்திட்டார். ரெண்டு மாசமா எங்கட பந்தைக் காலால உதைக்கிறாங்கள். கேட்டதுக்கு, "வவுனியாவால ஆமிக்காரர் புதுப்பந்து வர விடுறாங்களில்லை, பொறுங்கோ பிள்ளையள்" எண்டார்.

நான் பொறுக்கேல்லை. வெறுங்கையோட வளையத்துக்குக் கீழ நிண்டு கண்ணை மூடினன். முழங்காலை மடிக்கிறது, விரலால தள்ளுறது, பந்து விளிம்பில படாமல் விழுறது எல்லாத்தையும் மனசுக்குள்ள பாத்தன். மண்ணெண்ணெய் வரிசையில நிண்டும் எறிஞ்சன். ஒருநாள் சேர் கண்டிட்டு, "என்ன, தேவாரம் படிக்கிறியோ?" எண்டு பெடியளுக்கு முன்னால சிரிச்சவர்.

இண்டைக்குத் துணுக்காயில போட்டி. பதினாலு தரம் எறிஞ்சன், பன்னிரண்டு விழுந்தது. வெண்டிட்டம். கிண்ணத்தைக் கையில வைச்சுக்கொண்டு சேர் மைக்கில சொல்லுறார், "எல்லாம் நான் குடுத்த பயிற்சி" எண்டு.

என்ன பயிற்சி? எந்தப் பந்தால?

உழவு மெசின் பெட்டியில எல்லாரும் ஏறித் திரும்பி வரேக்க, "இனியாவது பந்தைத் தாங்கோ சேர்" எண்டு கேட்டன்.

"உனக்கேன் பந்து? நீதான் கண்ணை மூடியே போடுவியே" எண்டார்.

அப்ப, மனுசனுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருக்கு!

இப்பவும் கண்ணை மூடிப் பாத்தன். வளையம் வரேல்லை, சேரின்ர முகம்தான் வந்தது. நல்லாக் குறி பாத்துப் பந்தை எறிஞ்சன்.

பிசகேல்லை.