நாலந்தாவுக்கு அடுத்த வரி

இன்று கணினி வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் திரை அசையாமல் நின்றுவிட்டது. மாணவர்களின் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி சொல்ல வேண்டிய சின்ன ஸ்கிரிப்ட். அவள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் காலியாக இருந்த உன் நாற்காலியைப் பார்த்தேன்.

என்னுடையதும் ஒருநாள் இப்படித்தான் நின்றது. கண்ட வரியையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்த என் கையை நீ தட்டிவிட்டாய்.

"குத்துமதிப்பா கிண்டாதடி. வரிக்கு வரி ஒரு ஊர்ப்பேரைக் காட்டச் சொல்லு, பஸ் கண்டக்டர் மாதிரி. சத்தம் எங்க நிக்குதோ, அதுக்கு அடுத்ததுலதான் கோளாறு."

பலாபத்வல, நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று உன் சித்தி வீட்டுக்குப் போகும் வழியையே எழுதினோம். திரையில் பலாபத்வல மட்டும் வந்தது. அடுத்த பிள்ளைக்கு நகரச் சொல்லும் வரியை நான் விட்டிருந்தேன். ஒரே பிள்ளைக்கு ஆயுசு முழுக்க மார்க் போடுது பார் என்று சிரித்தாய். சரியானதும் ஊர்ப்பெயர்களை அழித்துவிட வேண்டும் என்றும் சொன்னாய்.

போன ஆகஸ்ட் விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் புறப்பட்ட நீ போய்ச் சேரவில்லை. எந்த இடத்தில் காணாமல் போனாய் என்று பொலிஸில் சிங்களத்தில் கேட்டார்கள். உன் அம்மாவுக்காக நான்தான் பேசினேன். அதைத் தேடி உன் படத்தோடு ஊர் ஊராக இறங்கினோம். பலாபத்வல கடைக்காரர் உன்னை பஸ் ஜன்னலோரம் பார்த்திருந்தார். நாலந்தாவில் ஒரு பெண் உனக்கு உப்புத்தூள் போட்ட வெரளிக்காய் விற்றிருந்தாள். நாவுலயில் ஒரு கடையில் உன் பை மட்டும் இருந்தது. கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே வெரளிக்காய் அப்படியே இருந்தது.

நாலந்தா, நாவுல இரண்டுக்கும் நடுவே ஒரு ராணுவச் சோதனைச் சாவடி. உன் அடையாள அட்டையில் பிறந்த இடம் வவுனியா; பஸ்ஸிலிருந்து இறக்க அது போதும். யாரையும் இறக்கவில்லை என்றார்கள்.

"புள்ளைய இறக்கலைன்னா பை மட்டும் எப்படி தம்பி தனியா போச்சு?" என்று உன் அம்மா அங்கு நின்ற சிப்பாயிடம் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அந்தச் சிப்பாய் அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தப் போய்விட்டான்.

கோளாறு எந்த வரியில் என்று கண்டுபிடித்துவிட்டேன். அதைத் திறந்து பார்க்கத்தான் விடவில்லை.

நீ சொன்னபடியே வரிக்கு வரி ஊர்ப்பெயர் போட வைத்ததில் புதுப் பிள்ளையின் ஸ்கிரிப்ட் இன்று சரியாகிவிட்டது. "ஊருப்பேரெல்லாம் அழிச்சிடவா அக்கா?" என்று கேட்டாள். அழிக்கச் சொன்னேன். என்னுடையதில் நான் இன்னும் அழிக்கவில்லை. நாலந்தாவுக்குப் பிறகு நாவுல வருகிறது. ஓட விடும் ஒவ்வொரு முறையும் தம்புள்ளை வந்துவிடுகிறது.