ஆழம் காட்டும் கண்ணாடி

கார்த்திகை 9, செவ்வாய்

எழுதத் தெரியாததால் போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

மகள் பாண்டியம்மாளுக்குப் பித்தப்பையில் கல். அவள் அம்மாவுக்கு ஆறு வருசத்துக்கு முன் இதே கல்லுக்கு வயிற்றில் ஓட்டை போட்டு ஆபரேசன் செய்த அதே மதுரை டாக்டரிடம் இன்று கூட்டிப்போனேன். அவருக்கு என்னை நினைவில்லை. கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் காட்டிச் சிரித்தார்.

"முன்னாடி ஆபரேசன் பண்றப்ப வயித்துக்குள்ள இருக்கிறது டிவியில தட்டையாத்தான் தெரியும் பெரியவரே. எது முன்னால, எது பின்னாலன்னு குத்துமதிப்புதான். இப்ப இதைப் போட்டா ஆழம் தெரியும்."

அன்றைக்கு என் பெண்டாட்டிக்கு வெட்டக்கூடாத பித்தக்குழாயை வெட்டிவிட்டு, "அவங்க உடம்பு அப்படி, உள்ளே ஒட்டிக் கிடந்துச்சு" என்றவர் இவர்தான். மூன்றாம் வாரம் அவள் போய்விட்டாள். நானும் அவள் உடம்பைத்தான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பது வருசம் கிணறு வெட்டினேன். கயிறு விட்டு அளக்காமல் ஒருவனையும் உள்ளே இறக்கியதில்லை.

"அப்ப எங்க வீட்டு ஆளுக்குக் குத்துமதிப்பாத்தான்..." என்று ஆரம்பித்தேன். பாண்டியம்மாள் என் கையை அழுத்தினாள்.

"பேசாம இருங்க ஐயா. திங்கக்கெழம என்னைய வெட்டப்போறது இவுகதான்."

ஆபரேசனுக்குச் சம்மதம் என்ற தாளில் கைநாட்டு வைத்தேன். பெருவிரலில் மை இன்னும் போகவில்லை.