நாட்டுக் கடனும் ஒரு டீயும்

நாங்கள் வேலை பார்த்த மில்லை இடித்து அடுக்குமாடி கட்டத் தொடங்கிய வருஷம், புரட்டாசி, சனிக்கிழமை. எனக்கு எழுத்து வராது. போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

நாச்சிமுத்தண்ணனுக்கும் எனக்கும் சர்க்கரை வியாதி. அதனால் பீளமேட்டு பேக்கரியில் தினமும் ஒரே டீயை வாங்கி, இரண்டு டம்ளரில் பிரித்துக் குடிப்போம். நாட்டுக் கடன் ஏறிவிட்டதாக இன்று யாரோ பேப்பரைச் சத்தமாகப் படித்தார்.

"எல்லாம் உங்க கட்சி செஞ்ச வேலைங்க" என்றார் அண்ணன்.

"உங்காளுக ஆண்டப்ப கடனே வாங்கலீங்களா?"

"அது ரோட்டுக்கும் பாலத்துக்கும் வாங்குனதுங்க. நீங்க வாங்கித் தின்னுபோட்டீங்க."

அதோடு விட்டிருக்கலாம். என் ஞாபகம் விடவில்லை.

"கடன் வாங்காம எந்த நாடுங்க நடக்குதுன்னு இதே பெஞ்சுல சொன்னது நீங்கதானுங்க. பேரன் பொறந்தான்னு அன்னிக்கு முட்டாய்கூடக் குடுத்தீங்க."

பேக்கரியே சிரித்தது. அண்ணன் தன் டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, டீ போடும் பையனைப் பார்த்தார்.

"கண்ணு, எனக்குத் தனியா ஒரு டீ போடு. சர்க்கரை தூக்கலா."

"அண்ணா, வேண்டாமுங்க" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார். என் முன்னால் இரண்டு டம்ளரும் ஆறிப்போயின.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை. கோபமா, உடம்புக்கு ஏதாவதா, தெரியவில்லை.

எங்கள் ஷிப்டில் ரங்கன் போய்விட்டான். காளியப்பன் போய்விட்டான். சுப்பையன் இந்த ஆடியில் போனான். மிச்சம் இருப்பது நாச்சிமுத்தண்ணன் ஒருவர்தான்.